புரோம் உடுப்பு வங்கி தொடங்குவது: இலவசமா 10 பவுண்டா, அளவு, தையல், பள்ளித் தொடர்பு

வாணி_ஹரோ
வணக்கம். வடமேற்கு லண்டனில் ஒரு கோயில் மண்டபத்தின் பின்னறையில் புரோம் உடுப்பு வங்கி தொடங்குகிறோம். 11ஆம் ஆண்டு முடித்துப் போகிற 16 வயதுப் பிள்ளைகளுக்காக; புரோம் என்பது அவர்களின் பள்ளிப் பிரியாவிடை விருந்து. இதுவரை 64 கவுன், 9 கோட் சூட், இரண்டு பெட்டி சப்பாத்து வந்திருக்கிறது. கடையில் புதுக் கவுன் 150 பவுண்டில் தொடங்கி 400க்கு மேலும் போகிறது. அதற்கு மேலே நுழைவுச்சீட்டு, சப்பாத்து, தலைமுடி. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் இது ஒரு மாத வாடகையின் பாதி.

முடிவு எடுக்க வேண்டியவை நான்கு: (1) இலவசமாகக் கொடுப்பதா, 10 பவுண்ட் வாங்குவதா, இரவலா? (2) யாருக்குக் கொடுப்பது, எப்படித் தெரிந்துகொள்வது? (3) வந்த உடுப்பை எப்படித் தரம் பிரிப்பது? (4) பதிவு, கணக்கு. இதைச் செய்து பார்த்தவர்கள் விவரமாகச் சொன்னால் நல்லது.

தையல்மெஷின்
மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன். அதில் பிழைத்தால் மற்ற மூன்றும் சரியாக இருந்தும் பிரயோசனமில்லை.

வந்த கவுனை உடனே கம்பியில் தொங்கவிடாதீர்கள். முதலில் பகல் வெளிச்சத்தில், யன்னலுக்குப் பக்கத்தில் ஒரு மேசையில் விரித்துப் பாருங்கள். டியூப் லைட்டில் வியர்வைக் கறை தெரியாது. பார்க்க வேண்டிய இடங்கள்: கைக்குழியின் உள்பக்கம் (வியர்வை, டியோடரன்ட் வெள்ளை), கழுத்தோரம் (முகப்பூச்சு), கீழ்மடிப்பு (சேறு, குதிக்கால் மாட்டிக் கிழிந்த இடம்), சிப்பின் மேல் நுனி, இடுப்புத் தையல். பிறகு மார்புப் பகுதியை உள்ளங்கையால் அழுத்தி வழித்துப் பாருங்கள். உள்ளே வைத்திருக்கும் பிளாஸ்டிக் பட்டி துணியைத் துளைத்து வெளியே வந்திருந்தால் கையில் குத்தும். அப்படியே கொடுத்தால் பிள்ளைக்கு மூன்று மணி நேரம் விலா எரியும்.

தரம் மூன்றே மூன்று: இன்றே கொடுக்கலாம், ஒரு மணி நேரத் தையல் வேண்டும், நமக்கு வேண்டாம். மூன்றாவதில் தயங்காதீர்கள். சாயம் போன சாட்டின், பரந்த வியர்வைக் கறை உள்ள வெளிர்நிறப் பட்டு, பாதிக்கு மேல் மணி உதிர்ந்தது எல்லாம் வெளியே. வசதி இல்லாத பிள்ளைதானே, இது போதும் என்ற எண்ணம் அந்த அறைக்குள் வரவே கூடாது. கடையில் தொங்கினால் ஒரு தாய் காசு கொடுத்து வாங்குவாளா என்பதுதான் அளவுகோல்.

அடுத்தது அளவு. கழுத்து லேபிளில் இருக்கும் எண்ணை நம்பவே வேண்டாம். அமெரிக்க 8 என்றால் இங்கே 12, ஐரோப்பிய எண் பெரும்பாலும் 40. மணப்பெண் தோழிக் கவுன்கள் சாதாரணக் கடை அளவைவிட ஒன்று இரண்டு சிறிதாக வரும். யாரோ ஏற்கெனவே பிடித்துத் தைத்திருந்தால் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. ஆகவே கவுனைத் தட்டையாக விரித்து, சிப்பை மூடி, நான்கு அளவு எடுங்கள்:

மார்பு: ஒரு கைக்குழியிலிருந்து மறு கைக்குழி வரை, இரண்டால் பெருக்கி.
இடுப்பு: மிக ஒடுங்கிய இடத்தில், இரண்டால் பெருக்கி.
பின்தட்டு: இடுப்பிலிருந்து 20 செ.மீ. கீழே, இரண்டால் பெருக்கி. பாவாடை விரிந்த கவுனுக்கு இது தேவையில்லை.
நீளம்: கைக்குழிக்குக் கீழிருந்து கீழ் ஓரம் வரை.

நீளத்தைத் தோளிலிருந்து எடுத்தால் தோள்பட்டி இல்லாத கவுனோடு ஒப்பிட முடியாது. அதனால்தான் கைக்குழி. பிள்ளையை அளக்கும்போதும் அதே இடத்திலிருந்து, போடப்போகிற சப்பாத்தோடு, தரை வரை. இந்த நான்கையும் செ.மீ.யில் ஒரு மட்டையில் எழுதி ஹாங்கரில் கட்டுங்கள். கவுனில் குண்டூசியால் குத்தாதீர்கள், சாட்டினில் ஓட்டை மறையாது.

கவுனின் மார்பளவு பிள்ளையின் அளவைவிட 2 செ.மீ. கூட இருந்தால் தோள்பட்டி இல்லாத கவுனுக்குப் போதும். கை வைத்த கவுனுக்கு 4 முதல் 6 வேண்டும், இல்லாவிட்டால் கையைத் தூக்க முடியாது.

ஆசிரியை_குரொய்டன்
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்துக்குள்ளே இது எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் கால அட்டவணை தானாக வரும்.

11ஆம் ஆண்டு முடிவில் எழுதும் ஜிசிஎஸ்இ பரீட்சை மே இரண்டாம் வாரமளவில் தொடங்கி ஜூன் மூன்றாம், நான்காம் வாரம் வரை நீள்கிறது. புரோம் பெரும்பாலும் ஜூன் கடைசி அல்லது ஜூலை முதல் வாரம். பரீட்சை நடக்கும்போது எந்தப் பிள்ளையும் உடுப்புப் போட்டுப் பார்க்க வராது, வரவும் கூடாது. ஆகவே போட்டுப் பார்க்கும் நாட்கள் மார்ச் கடைசியிலிருந்து ஈஸ்டர் விடுமுறை முடியும் வரை. மே கடைசி அரைத்தவணை விடுமுறையில் தையல் முடிந்த உடுப்பை மறுபடி போட்டுப் பார்த்தல். ஜூனில் பரீட்சை முடிகிற அன்றே எடுத்துப் போகலாம். கடைசி வாரத்துக்கென்று இரண்டு மாலைகளைக் காலியாக வையுங்கள். புரோமுக்கு வரவே போவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை கடைசி ஐந்து நாளில் மனம் மாறுவது வழமை. அந்த மனமாற்றத்துக்குக் காரணம் பல தடவை உடுப்பு கிடைத்ததுதான்.

யாருக்கு என்பதில் ஒரு எச்சரிக்கை. இலவச மதிய உணவு பெறும் பிள்ளைகளுக்கு மட்டும் என்று விதி எழுதிவிடாதீர்கள். யுனிவர்சல் கிரெடிட் என்ற அரச உதவிப்பணம் வாங்கும் குடும்பத்துக்கு 2018 முதல் இருந்த வரம்பு, ஆண்டுக்கு வரி போக 7,400 பவுண்ட் உழைப்பு வருமானம். இரண்டு பேரும் குறைந்த சம்பளத்தில் வேலை செய்கிற வீடு அதைத் தாண்டிவிடும், ஆனால் கையில் ஒன்றும் மிஞ்சாது. வரம்பை இப்போது தளர்த்தினாலும் கேட்க வெட்கப்பட்டு விண்ணப்பிக்காத வீடுகள் இருக்கத்தான் செய்யும். தற்காலிகத் தங்குமிடத்தில் இருப்பவர்கள், வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் பிள்ளைகள், அம்மாவைப் பராமரிக்கும் பிள்ளைகள் எந்தப் பட்டியலிலும் ஒழுங்காக அடங்கமாட்டார்கள்.

சரியான வழி: பள்ளியில் அந்த ஆண்டின் பொறுப்பாசிரியர் அல்லது மாணவர் நலப் பொறுப்பாளரிடம் 20 எண்ணிட்ட அட்டைகள் கொடுங்கள். அவர் தெரிந்த பிள்ளையிடம் தனியாகக் கொடுப்பார். அட்டையில் எண், முன்பதிவு செய்ய உங்கள் தொலைபேசி இலக்கம், அவ்வளவுதான். வங்கிக்கு வந்ததும் யாரும் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை. தாங்களாகவே வரும் பிள்ளையையும் திருப்பி அனுப்பாதீர்கள். வசதி உள்ள ஒரு வீட்டுக்குத் தவறிப்போய் ஒரு கவுன் போனால் நட்டம் ஒரு கவுன். வசதி இல்லாத பிள்ளையை வாசலில் கேள்வி கேட்டால் அந்தப் பிள்ளை மட்டுமல்ல, அதன் சிநேகிதிகளும் வரமாட்டார்கள்.

கணக்குப்பிள்ளை
நாலாவது. சுருக்கமாக.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டு வருமானம் 5,000 பவுண்டுக்கு மேல் போனால் அறக்கட்டளை ஆணையத்தில் பதிய வேண்டும். சிஐஓ என்ற, தனிச் சட்ட உரிமை உள்ள அறக்கட்டளை அமைப்பாகத் தொடங்கினால் வருமானம் எவ்வளவானாலும் பதிவு கட்டாயம். ஸ்கொட்லாந்தில் சட்டம் வேறு, அங்கே இந்தத் தொகை விலக்கு கிடையாது. நீங்கள் ஏற்கெனவே பதிவான கோயில் அறக்கட்டளையின் கீழே ஒரு திட்டமாக ஓடினால் புதுப் பதிவே வேண்டாம். ஆனால் அந்த அறக்கட்டளையின் நோக்கப் பிரிவில் கல்வி, இளையோர், வறுமை நீக்கம் என்று ஏதாவது ஒன்று எழுதியிருக்க வேண்டும். சமயம் மட்டும் என்றிருந்தால் அறங்காவலர் குழு முதலில் அதைத் திருத்தட்டும்.

கிஃப்ட் எய்ட்: வரி கட்டுகிறவர் பணமாகக் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்க்கும். உடுப்பாகக் கொடுத்தால் கிடையாது. கடைகளில் செய்வது வேறு முறை: கொடுத்தவரின் முகவராக அறக்கட்டளை விற்று, அந்தத் தொகையை அவர் நன்கொடையாக விடுவது. நீங்கள் இலவசமாகக் கொடுக்கிற உடுப்புக்கு அது பொருந்தாது. உடுப்புக்கு விலையாக வாங்கும் 10 பவுண்ட் நன்கொடை அல்ல, அதற்கும் கிஃப்ட் எய்ட் கேட்க முடியாது. இதில் பலர் பிழை விடுகிறார்கள்.

நன்கொடையாக வந்த பொருளை அறக்கட்டளை விற்றால் வாட் வரி பூச்சிய வீதம். காசு கொடுத்து வாங்கிய புதுக் கவுனை விற்றால் அது பொருந்தாது. வாட் பதிவு வரம்பு இப்போது 90,000 பவுண்ட். ஆகவே உங்களுக்கு இது தொலைவு.

பொறுப்புக் காப்புறுதி எடுங்கள். மண்டபத்துக் காப்புறுதி உங்கள் நிகழ்வையும் சேர்க்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நியூமோல்டன்_ரவி
10 பவுண்ட் வாங்குவதே நல்லது என்பது என் நிலை. காரணம் வருமானம் அல்ல. நம் வீடுகளில் இலவசம் என்ற சொல்லைப் பார்த்தாலே அம்மாமார் ஒதுங்குகிறார்கள். பிறர் உடுத்ததைப் பிள்ளைக்குப் போடுவதா என்ற தயக்கம் ஒன்று, கோயிலில் தெரிந்தவர் முன்னால் கை நீட்டுவதா என்பது இன்னொன்று. 10 பவுண்ட் கொடுத்தால் அது வாங்கியது. வீட்டில் சொல்லிக்கொள்ளலாம். மேலும் சும்மா கிடைப்பதை மூன்று எடுத்துப்போய் இரண்டை அலமாரியில் போடுகிறவர்களும் உண்டு.

அல்லது 20 பவுண்ட் பிணை வாங்கி, திருப்பித் தந்ததும் கொடுக்கலாம். ஒரே கவுன் மூன்று ஆண்டு ஓடும்.

தையல்மெஷின்
ரவி அண்ணா, இரவல் என்றதும் தையல் வேலையின் முறையே மாறிவிடும். அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

திரும்பி வர வேண்டிய கவுனில் கத்தரி வைக்க முடியாது. கீழே 12 செ.மீ. மடித்து உள்ளே வைத்தால் சிஃபோன் கனத்துத் தொங்கும், நடக்கும்போது காலில் தட்டும். பக்கத் தையலைப் பிடித்து உள்ளே 4 செ.மீ. துணி விட்டால் இடுப்பில் தடிப்பாகத் தெரியும். கொடுத்துவிடுவது என்றால் வெட்டலாம், பிள்ளைக்கென்றே தைத்தது மாதிரி உட்காரும். இரவல் கவுனில் பெரும்பாலும் இரவல் என்பது தெரியும்.

பிணைக் காசும் அப்படித்தான். ஜூன் கடைசியில் நுழைவுச்சீட்டுக்கும் சப்பாத்துக்கும் ஓடுகிற வீட்டில் 20 பவுண்ட் இரண்டு வாரம் முடங்குவது பெரிய விஷயம். பிறகு ஜூலையில் நீங்கள் 40 வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து நினைவுபடுத்த வேண்டும். அந்த நேரத்தில் அடுத்த ஆண்டுக்கு 40 கவுன் சேர்க்கலாம்.

கொடுத்துவிடுங்கள். உறையில் ஒரு வரி போடுங்கள்: "இது உங்களுடையது. ஒருநாள் இன்னொரு பிள்ளைக்குப் போகட்டும் என்று தோன்றினால் இங்கே கொண்டுவரலாம்." திரும்பி வருவது நல்ல நிலையிலேயே வரும்.

சிகாகோ_மணி
அமெரிக்கப் பக்கத்து நிலவரம். இங்கே இந்த வேலை 25 ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. சிகாகோவில் கிளாஸ் ஸ்லிப்பர் புராஜெக்ட் 1999லும், சான் பிரான்சிஸ்கோவில் பிரின்சஸ் புராஜெக்ட் 2002லும் தொடங்கின. புளோரிடாவின் பெக்காஸ் குளோசெட், ரெபெக்கா கர்ட்மன் என்ற உயர்நிலைப்பள்ளி மாணவி தன் ஊரில் கவுன் சேர்த்துக் கொடுத்ததிலிருந்து வளர்ந்தது. அவர் 2003இல் 16 வயதில் கார் விபத்தில் இறந்த பிறகு குடும்பம் அதைத் தொடர்ந்து நடத்தி, பல மாநிலங்களுக்குக் கொண்டுபோனது. மூன்றும் இலவசமாகவே கொடுக்கின்றன.

அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய முக்கியமான விஷயம், வரும் ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு தன்னார்வலர் கூடவே இருப்பது. கூட்டத்துக்கு ஒருவர் என்று வைத்தால் ஆகாது. அந்தப் பெண் கண்ணாடி முன் நிற்கும்போது "பின்பக்கம் நன்றாக இருக்கிறது, இந்தத் தோளை மட்டும் ஒரு விரல் தூக்கணும்" என்று உண்மையைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். எல்லாவற்றுக்கும் "அழகு, அழகு" என்று சொல்கிறவரை அந்த வேலைக்கு வைக்காதீர்கள். பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இங்குள்ள பிரச்சினை உங்களுக்கும் வரும்: வருகிற கவுன்கள் சிறிய, நடு அளவில் குவியும், பெரிய அளவு இருக்காது. உங்கள் 64ஐ அளவுவாரியாக எண்ணிப் பாருங்கள், இங்கிலாந்து எண்ணில் 16க்கு மேலே எத்தனை?

வாணி_ஹரோ
அண்ணா, இப்போதுதான் எண்ணினோம். மார்பு 104 செ.மீ.க்கு மேலே ஐந்து. அதில் இரண்டு ஒரே பழுப்பு நிறம், தோழிக் கவுன்கள்.

சிகாகோ_மணி
அப்படியானால் கையில் வரும் பணத்தில் முதல் பங்கு அதற்குத்தான். மணப்பெண் கடைகள் பருவம் முடிந்ததும் காட்சிக்கு வைத்த கவுன்களைக் கழிப்பார்கள். காட்சிக் கவுன்கள் சிறிய அளவாகவே இருப்பதால் கேட்கும்போதே "18 முதல் 26 வரை" என்று எழுதிக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் 10 அளவில் இன்னும் முப்பது வரும், கம்பி நிறையும், தேவை தீராது. பெரிய அளவுப் பிள்ளை வந்து ஐந்து கவுனில் தேடிவிட்டுப் போவதைவிட, அந்தப் பிள்ளை வருமுன் தெரிந்துகொண்டு எட்டு கவுனாவது தேடி வைப்பது உங்கள் கடமை. முன்பதிவிலேயே அளவு கேட்பது அதற்குத்தான்.

தையல்மெஷின்
பெரிய அளவுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது: முதுகை நாடா கோர்த்துக் கட்டுவதாக மாற்றுவது. இறுக்கமான கவுனை ஒன்றரை, இரண்டு அளவு பெருப்பிக்கலாம். சிப் கெட்ட கவுனுக்கும் இதுதான் வைத்தியம். விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் அரைகுறையாகச் செய்தால் முதுகு சுருங்கிக் கோணும்.

1. சிப்பைப் பிரித்து எடுங்கள். திறப்பு இடுப்புக்குக் கீழே பின்தட்டு தொடங்கும் இடத்தோடு நிற்கட்டும். சாதாரணமாக 30 செ.மீ. வரும். திறப்பின் கீழ் முனையைக் குறுக்கே நாலைந்து தையல் போட்டுக் கட்டுங்கள். இழுபடும்போது முதலில் கிழிவது அந்த முனைதான்.

2. இரண்டு ஓரத்திலும் 2.5 செ.மீ.க்கு ஒன்றாகத் துணி வளையம். 30 செ.மீ.க்கு ஒரு பக்கம் 12. வளையம் தனித்தனியாகத் தைப்பதைவிடப் பட்டியாகவே விற்கும் மணப்பெண் வளையப் பட்டியை வாங்குவது வேகம்.

3. வளையத்துக்குப் பக்கத்தில் ஓரம் முழுதும் பிளாஸ்டிக் பட்டி ஒன்று. நுனியை வட்டமாக வெட்டி, துணியால் மூடித் தையுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பட்டி இல்லாமல் நாடாவை இழுத்தால் ஓரம் மடிந்து ஒவ்வொரு வளையத்தின் இடத்திலும் துணி கூராக இழுபடும்.

4. உள்ளே மறைப்புத் துண்டு: அகலம் 15 முதல் 18 செ.மீ., நீளம் திறப்பைவிட 3 செ.மீ. கூட. ஒரு பக்கம் மட்டும் தையல், மறுபக்கம் மேலே ஒரு கொக்கி. துணிக்கு எங்கே போவது என்றால், கீழே வெட்டி எடுத்த மிச்சம். அதனால் வெட்டிய துண்டை உரியவரின் எண் எழுதிப் பையில் போட்டு வையுங்கள், எறியாதீர்கள்.

5. நாடா 4 மீட்டர். இரண்டு ஓரத்துக்கும் நடுவில் இடைவெளி 8 செ.மீ. என்றால் கோர்க்க இரண்டு மீட்டருக்குச் சற்று மேல், கட்டித் தொங்க ஒவ்வொரு பக்கமும் 60 செ.மீ. வேண்டும். மேலிருந்து கீழே கோர்த்துக் கீழே முடிச்சு. முழுப் பளபளப்பு நாடா வழுக்கும், இரட்டை முடிச்சு போடச் சொல்லுங்கள்.

இடைவெளி 10 செ.மீ.க்கு மேல் போனால் பக்கத் தையல் பின்னுக்கு இழுபட்டு கவுனின் மார்புக் கிண்ணம் இடம் மாறும். அதற்கு மேல் தேவை என்றால் பக்கத்தில் பட்டை சேர்க்க வேண்டும், இது போதாது.

பழகிய கைக்கு இரண்டரை மணி நேரம். இரண்டு பேர் இதைப் படித்து வைத்துக்கொண்டால் உங்கள் கம்பியில் இருக்கும் 12களில் சில 16 ஆகும்.

ஈஸ்ட்ஹாம்_அக்கா
வாணி தங்கச்சி, ஒரு விஷயம் கேட்க வேணும். எங்கட சனத்திட்ட சாமத்தியவீட்டுச் (பூப்புனித நீராட்டு) சட்டைகளும் கலியாண வரவேற்புக்குப் போட்ட லெஹங்காக்களும் பெட்டி பெட்டியாகக் கிடக்குது. கேக் வெட்டப் போட்ட கவுன் ஒரு நாளோடு சரி. அதுகளை எடுக்கலாமோ?

தையல்மெஷின்
அக்கா, லெஹங்கா தங்கம். சாமத்தியச் சட்டை பார்த்து எடுக்க வேண்டும்.

லெஹங்காவில் பாவாடை இடுப்பு நாடாவில் நிற்பது, அதனால் ஒரே பாவாடை மூன்று அளவுக்கு நிற்கும். பிளவுஸில் நம்ம ஊர்த் தையற்காரர்கள் இரண்டு பக்கமும் உள்ளே ஒரு இஞ்ச் துணி விட்டிருப்பார்கள், பிரித்தால் சுற்றளவில் 8 முதல் 10 செ.மீ. கிடைக்கும். தொழிற்சாலைக் கவுனில் ஒரு செ.மீ.கூட இருக்காது. பிரித்ததும் பழைய தையல் கோடும், மங்காத துணிப் பட்டையும் தெரியலாம். அதன்மேல் ஒரு மெல்லிய சரிகை ஓரம் வைத்தால் மறையும். தூக்கிப் பாருங்கள், கல்லும் சரிகையும் 4 கிலோவுக்கு மேல் என்றால் ஆட்டத்துக்குப் போகிற பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். கறுத்த சரிகை திரும்ப வராது.

சாமத்தியச் சட்டை 11 முதல் 13 வயதுப் பிள்ளையின் உடம்புக்குத் தைத்தது. 16 வயதில் உயரம் மட்டும் 10, 15 செ.மீ. கூடியிருக்கும், மார்புத் தையலின் இடமும் கீழே இறங்கியிருக்கும். இடுப்பில் பட்டை சேர்த்து இறக்கலாம், ஆனால் வேலை புதுத் தையலுக்குச் சமம். உயரம் குறைந்த பிள்ளைக்கு நேரடியாகச் சரிவந்தால் கொடுங்கள். மற்றபடி உள்ளே இருக்கும் கேன்கேன் (விறைப்பான வலை) பாவாடையைக் கழற்றி வையுங்கள், சோர்ந்துபோன கவுனைத் தூக்கி நிறுத்த அதுதான் உதவும். அம்மாவிடம் வாங்கும்போதே "தேவைப்பட்டால் பிரித்துப் பயன்படுத்துவோம்" என்று சொல்லுங்கள். அது அவர்களுக்கு வெறும் துணி அல்ல.

எந்த இனப் பிள்ளையாக இருந்தாலும் கை மூடிய, கழுத்து மூடிய உடுப்பு தேடி வருகிறவர்கள் நிறைய. தோள்பட்டி இல்லாத கவுன் ஒவ்வொன்றுக்கும் கீழே வெட்டிய துணியில் தோள்பட்டியோ குட்டிக் கையோ வைக்கலாம் என்பதை மட்டையிலேயே எழுதிவிடுங்கள். அம்மாவும் மகளும் கண்ணாடி முன் நின்று வாதாடுவது பாதி குறையும்.

துணிக்கடை_செல்வன்
சலவை பற்றி யாரும் எழுதவில்லை. டிரை கிளீனிங் ஒன்றுக்கு 15 முதல் 25 பவுண்ட் என்றால் 64 கவுனுக்கு 960 முதல் 1,600 பவுண்ட் ஆகும். முக்கால்வாசிக்கு அது தேவையில்லை.

பாலியெஸ்டர் சிஃபோன், டூல் வலைத்துணி: குளியல் தொட்டியில் 30 பாகை இளஞ்சூட்டு நீர், மென்மையான திரவச் சோப்பு, கீழோரத்தை மட்டும் மென்மையான பிரஷால் தட்டி எடுத்தல். முறுக்கக் கூடாது. துவாயில் சுருட்டி நீரை எடுத்துத் தட்டையாகக் காய வையுங்கள். நனைந்த பாவாடையின் கனம் மேல்பகுதியை இழுத்து நீட்டிவிடும்.

பட்டு, கம்பளி: என்ஸைம் உள்ள சோப்பு வேண்டாம், இழையையே அரிக்கும்.

ஒட்டிய கல் வைத்த கவுன்: டிரை கிளீனிங் திரவத்தில் பசை கரைந்து கல் கொட்டும். கடைக்காரரிடம் முதலே காட்டிக் கேளுங்கள். தைத்த கல்லா ஒட்டிய கல்லா என்று நகத்தால் தள்ளிப் பார்த்தால் தெரியும்.

நகப்பூச்சுக் கறைக்கு அசிட்டோன் போடும் பழக்கம் இருக்கிறது. துணி அசிட்டேட் என்றால் கறையோடு துணியும் கரைந்து ஓட்டை விழும். லேபிளில் அசிட்டேட், டிரை அசிட்டேட் என்று இருந்தால், அல்லது லேபிளே இல்லையென்றால், தொடாதீர்கள்.

சீக்குவின் மேல் அயன் வைத்தால் சுருண்டு மங்கிவிடும். ஸ்டீமரை உள்பக்கத்திலிருந்து தள்ளிப் பிடியுங்கள்.

சேமிப்பு: டிரை கிளீனிங் பிளாஸ்டிக் உறையில் மாதக்கணக்கில் வைக்க வேண்டாம், ஈரம் அடைபடும். பழைய பருத்தி விரிப்பு போதும். மணி தைத்த கனத்த கவுனைத் தொங்கவிட்டால் தோள் நீளும், மடித்துப் பெட்டியில். கம்பளிக் கோட்டுகளில் அந்துப்பூச்சி சந்தேகம் என்றால் காற்று எடுத்துக் கட்டிய பையில் மைனஸ் 18 பாகையில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் துணியில் நீர் கோக்கும்.

கம்பி வாங்கும்போது: மெலிந்த கவுனுக்கு 4 செ.மீ., விரிந்ததுக்கு 10 செ.மீ. இடம். 1.8 மீட்டர் கம்பியில் விரிந்தது 18 தான். ஒன்று 3 கிலோ என்றால் 54 கிலோ. மலிவான கம்பி நடுவில் வளைந்து போட்டுப் பார்க்கும் நாளிலேயே விழும். கடைக்காரர் பயன்படுத்தும் கனக் கம்பியைப் பழையதாக வாங்குங்கள்.

நியூமோல்டன்_ரவி
இரவல் வேண்டாம் என்பதை ஏற்கிறேன், தையல் காரணம் எனக்குத் தெரியாதது. ஆனால் 10 பவுண்ட் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.

ஒன்று கேட்கிறேன், ஆண் பிள்ளைகள்? ஒன்பது சூட் எந்த மூலைக்கு?

ஆசிரியை_குரொய்டன்
அது உண்மையான குறை. ஆண் பிள்ளைகள் கேட்கவே மாட்டார்கள், வராமல் இருந்துவிடுவார்கள். அட்டைகளை அவர்களுக்கும் சரிபாதி கொடுங்கள்.

சூட்டுக்கு மார்பு 36 முதல் 44 இஞ்ச் வரை வேண்டும், 36, 38 குட்டையும் 40 நீளமும் முதலில் தீரும். கோட்டையும் காற்சட்டையையும் பிரித்தே வையுங்கள். கடையில் கோட் மார்பைவிட இடுப்பு 6 இஞ்ச் குறைவாக வருவது, ஒல்லிப் பையனுக்கும் பருத்த பையனுக்கும் அது பொருந்தாது. எல்லாம் கறுப்பு அல்லது கடும்நீலம் என்றால் சேர்த்துக் கொடுக்கலாம், கறுப்போடு கறுப்பைப் பகலில் வைத்துப் பாருங்கள். தோள் சரியாக இருக்க வேண்டும், தோளைத் தைத்துத் திருத்துவது பெரிய வேலை. கை நீளம், காற்சட்டை நீளம், இடுப்பு இவை மூன்றும் எளிது. மார்ச்சில் அளந்த பையன் ஜூனில் சற்று வளர்ந்திருக்கலாம், ஆகவே காற்சட்டையை மே கடைசியில் மடியுங்கள், கீழே 5 செ.மீ. உள்ளே விட்டு.

10 பவுண்ட் பற்றி: விலை என்று வைக்காமல் வாசலிலிருந்து தள்ளி மூடிய பெட்டி ஒன்று வையுங்கள், யாரும் அருகில் நிற்க வேண்டாம். கொடுத்து வாங்கினோம் என்ற நிறைவு வேண்டியவர் போடுவார், இல்லாதவர் போடாமல் போவது யாருக்கும் தெரியாது.

கணக்குப்பிள்ளை
அந்தப் பெட்டி உண்மையில் விருப்பக் கொடை என்றால் சிறு நன்கொடைத் திட்டத்துக்கும் பொருந்தும்: 30 பவுண்டுக்குள் ரொக்கமாக வந்தவற்றுக்கு, கையொப்பப் படிவம் இல்லாமலே, ஆண்டுக்கு 8,000 பவுண்ட் வரை 25% கேட்கலாம். நிபந்தனை, அதே ஆண்டில் சாதாரண கிஃப்ட் எய்ட் நன்கொடை அதில் பத்தில் ஒரு பங்காவது கேட்டிருக்க வேண்டும். கவுனுக்குப் பதிலாகக் கட்டாயம் போட வேண்டும் என்ற தொனி வந்தால் பொருந்தாது. கோயில் அறக்கட்டளையின் கீழே என்றால் அவர்களுடைய வரம்போடு சேர்த்து எண்ணுங்கள்.

ஈஸ்ட்ஹாம்_அக்கா
பெட்டி நல்ல யோசனை. போட்டுப் பார்க்கிற நாளில் அறை எப்படி இருக்க வேணும் எண்டும் சொல்லிவிடுங்கோ.

ஆசிரியை_குரொய்டன்
ஒரு பிள்ளைக்கு 45 நிமிடம், ஒரே நேரத்தில் நான்கு பிள்ளைக்கு மேல் வேண்டாம். ஒரே பள்ளிப் பிள்ளைகளை ஒரே நேரத்துக்குப் போடாதீர்கள், கேட்டு வந்தால் ஒழிய. போட்டுப் பார்க்கும் மறைப்புகள் கூரை வரை தேவையில்லை, ஆனால் திரை தரை தொட வேண்டும், நடுவில் பிளவு இருக்கக் கூடாது. சிப் போட உதவி கேட்டால் மட்டும், இரண்டு பெரியவர்கள் அருகில் இருக்கும்போது. கூட வந்த சிநேகிதியோ அம்மாவோ உதவுவதே சிறந்தது. எல்லாத் தன்னார்வலருக்கும் உயர்நிலை டிபிஎஸ் (குற்றப்பதிவு) சோதனை கேட்க சட்டம் இடம் தராது. எந்தப் பொறுப்புக்குத் தகுதி உண்டென்று பார்த்துக் கேளுங்கள், தன்னார்வலருக்குச் சான்றிதழ் கட்டணம் இல்லை.

புகைப்படம் எடுக்க வேண்டாம். இணையத்தில் போட, நன்கொடையாளருக்குக் காட்ட, எதற்கும் வேண்டாம். கம்பியில் தொங்கும் கவுனைப் படம் பிடித்துப் போடுங்கள், பிள்ளையை அல்ல. ஒரே பள்ளியில் இரண்டு பேருக்கு ஒரே கவுன் போகாமல் இருக்கப் பள்ளியின் பெயரையும் கவுன் எண்ணையும் குறித்து வையுங்கள். இவற்றோடு முதற்பெயர், அட்டை எண், அளவு, தொலைபேசி தவிர வேறு விவரம் எழுதாதீர்கள். ஜூலை கடைசியில் அந்தத் தாள்களைக் கிழித்து அழித்துவிடுங்கள்.

ஒரு தடவைக்கு ஐந்து கவுன். பதினைந்து எடுத்துப் போனால் களைத்து எதையும் எடுக்காமல் போய்விடுவார்கள். ஐந்தில் ஒன்று அவர்கள் கேட்காததாக இருக்கட்டும்.

தையல்மெஷின்
நீளம் குறிக்கும்போது ஒன்று மட்டும்: புரோம் நாளில் போடப்போகும் சப்பாத்தோடுதான். சப்பாத்து இன்னும் இல்லை என்றால் உங்கள் பெட்டியிலிருந்தே முதலில் சப்பாத்து, பிறகு கவுன். முன்பக்கம் தரையிலிருந்து 2 செ.மீ. மேலே. லைனிங் அதைவிட 2.5 செ.மீ. குட்டை. சாய்வாக வெட்டிய சிஃபோன் பாவாடையை ஒரு இரவு தொங்கவிட்ட பிறகே வெட்டுங்கள், துணி தானாக இறங்கும். உடனே வெட்டினால் நாளைக்குப் பக்கவாட்டில் வால் தொங்கும். டூலுக்கு மடிப்புத் தேவையில்லை, கூரான கத்தரியால் ஒரே வெட்டு.

வாணி_ஹரோ
எல்லோருக்கும் நன்றி. முடிவு: இலவசம், சொந்தமாகவே கொடுத்தல், மூலையில் மூடிய பெட்டி. ஐந்து பள்ளிக்கு 20 அட்டை வீதம். வருகிற சனிக்கிழமை 64ஐயும் மறுபடி அளந்து மட்டை கட்டுகிறோம். முதுகு நாடா வேலைக்கு 14, 12 அளவுக் கவுன் ஆறு தேர்ந்திருக்கிறோம். தையல்மெஷின் அக்கா, வளையப் பட்டி எத்தனை மீட்டர் வாங்குவது?

தையல்மெஷின்
ஒரு கவுனுக்கு இரண்டு பக்கமும் 30, ஓரம் மடிக்கச் சேர்த்து 70 செ.மீ. ஆறுக்கு 4.2, ஐந்து மீட்டராக வாங்கு. நாடா 24 மீட்டர், கவுன் நிறத்துக்கு ஏற்றபடி பிரித்து. பிளாஸ்டிக் பட்டி 4 மீட்டர். முதலாவதைக் கழிக்க வைத்த கவுனில் தைத்துப் பழகிவிட்டு மற்றவற்றில் கை வை.